தீர்மானத்துக்கு முன் பழைய பில்கள்

கேள்வி: தனியாக ஓவியப் பணி செய்கிறேன். ஆண்டு முழுக்க ஓயாமல் உழைத்ததுதான் மிச்சம். புத்தாண்டுக்கு என்ன தீர்மானம் எடுக்கலாம்?

பதில்: தீர்மானம் கிடக்கட்டும், இந்த ஆண்டு வாடிக்கையாளர்களுக்கு நீங்கள் கொடுத்த பில்களை எடுங்கள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் பணம் வர எத்தனை நாள் ஆனது, எத்தனை முறை திருத்தச் சொன்னார்கள் என்று எழுதுங்கள். அட்டைப்பட வடிவமைப்பில் பிழைக்கும் நான் அப்படி எழுதியபோது, ‘நம்மவர்’ என்று கொண்டாடிய வாடிக்கையாளரே அதிகம் இழுத்தடித்தவர் என்று தெரிந்தது!

இனி பாதித் தொகை முன்பணம், இரண்டு திருத்தத்துக்கு மேல் தனிக் கட்டணம் என்று, வேலைக்கு முன் தரும் விலைப்புள்ளியிலேயே (கொட்டேஷன்) எழுதிவிடுங்கள். வாயால் சொல்லக் கூச்சம் விடாது. சொந்த ஓவியத்துக்கு வாரம் ஒரு காலைப் பொழுதை, வாடிக்கையாளர் சந்திப்பைப் போலவே நாட்குறிப்பில் குறித்துவையுங்கள். சமூக ஊடகத்தில் பின்தொடர்வோர் எண்ணிக்கையா? அதை இந்தக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம்.