ஸ்டடி லீவில் ஒரு நாளைக்கு 14 மணி நேரம் படிக்க டைம்டேபிள் போடுவது எப்படி?

கேட்டிருப்பவர் பிளஸ் டூ. செய்முறைத் தேர்வு முடிந்துவிட்டது, பொதுத்தேர்வுக்குப் பதினைந்து நாள் இருக்கிறது, 14 மணி நேரத்துக்கு டைம்டேபிள் போட்டுத் தரச் சொல்கிறார். தம்பியா தங்கையா தெரியவில்லை. அந்த 14ஐப் பார்த்துத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். நானும் அதே எண்ணை எழுதி பீரோ கதவில் ஒட்டியவன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாப்பர் இல்லை. 2012 மார்ச்சில் எழுதினேன், 1200க்கு 1053. இதற்கெல்லாம் அறிவுரை சொல்ல வந்துவிட்டான் என்று சிலர் நினைக்கலாம். 1190 வாங்கியவர்களும் பதில் எழுதுவார்கள், அதையும் படியுங்கள். ஆனால் அவர்கள் வீட்டில் கரண்ட் இருந்ததா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் படியுங்கள்.

அந்த வருடத்து மின்வெட்டு உங்களுக்கு நினைவிருக்காது. சென்னைக்கு இரண்டு மணி நேரம். எங்களைப் போன்ற ஊர்களுக்குப் பகலும் இரவுமாகச் சேர்த்து எட்டு மணி நேரத்துக்கு மேல். ஒரு மணி நேரம் இருக்கும், ஒரு மணி நேரம் போகும். என் டைம்டேபிளில் சிவப்பு மையில் தலைப்பு, பச்சை மையில் பாடம், காலை 4 முதல் 6 வரை கணக்கு என்று கட்டம் கட்டி வரைந்திருந்தேன். வரையவே அரை நாள் ஆனது. மறுநாள் காலை நான்கு மணிக்கு அலாரம் அடித்தது, நான் எழுந்தேன், கரண்ட் போனது.

எங்கள் ஊர் ராஜபாளையம் பக்கம் சத்திரப்பட்டி. பேண்டேஜ் துணிக்குப் பெயர் போன ஊர். ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுகிற துணி எங்கள் தெருவில் ஓடியதாகக்கூட இருக்கலாம். எங்கள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் விசைத்தறிக் கூடம். கரண்ட் இருந்தால் தறி ஓடும். தறி ஓடினால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழாது. ஆக, வெளிச்சமும் ஃபேனும் இருக்கும் நேரத்தில் தலை வெடிக்கிற சத்தம். சத்தம் நின்று ஊரே அமைதியாக இருக்கும் நேரத்தில் இருட்டும் கொசுவும். முதல் இரண்டு நாள் இதிலேயே போயிற்று. கட்டத்தில் கணக்கு என்று இருக்கும், காதுக்குள் தறி ஓடும், ஒரு வெக்டர் கணக்கை மூன்று முறை ஆரம்பித்து மூன்று முறையும் குறியை மாற்றிப் போட்டிருப்பேன். எழுந்து போய் அம்மாவிடம் கத்துவேன். அம்மா அதே கூடத்தில்தான் தார் சுற்ற, அதாவது தறிக்கான நூலைக் குச்சியில் சுற்ற, போய்க்கொண்டிருந்தார். கரண்ட் இல்லையென்றால் அவருக்கு அன்றைக்குக் கூலி குறையும். எனக்கு அப்போது அது உறைக்கவில்லை.

மூன்றாம் நாள் கோபத்தில் புத்தகத்தை எடுத்துக்கொண்டு தறி ஓடும்போதே உரக்கக் கத்திப் படித்தேன். வான் டி கிராஃப் மின்னியற்றி, தத்துவம், அமைப்பு, செயல்படும் விதம் என்று தொண்டை கிழிய. தறிச் சத்தத்தில் நான் கத்துவது எனக்கே பாதிதான் கேட்டது. யாரும் பார்க்கிறார்களோ என்ற கூச்சம் இல்லை, தூக்கமும் வரவில்லை. ஒரு மணி நேரத்தில் இயற்பியலில் இரண்டு பத்து மதிப்பெண் கேள்விகள் வாயில் நின்றுவிட்டன. தறி சட்டென்று நின்றபோதும் நான் கத்திக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு அக்கா, “தம்பிக்கு சாமி வந்திருச்சா?” என்றார். கூடமே சிரித்தது.

அன்றைக்கு மாலையே பீரோ கதவில் இருந்ததைக் கிழித்துவிட்டேன். அதற்குப் பிறகு நேரத்தை நான் பிரிக்கவில்லை, மின்சார வாரியம் பிரித்துக் கொடுத்தது. தறி ஓடினால் வாய்விட்டுப் படிக்கிறவை: தமிழ் மனப்பாடச் செய்யுள், வேதியியல் சமன்பாடுகள், இயற்பியல் விளக்கங்கள். பகலில் கரண்ட் போனால் வேப்பமரத்தடியில் கட்டிலைப் போட்டுக் கணக்கு, கணக்கு மட்டும். ராத்திரி கரண்ட் போனால் மொட்டை மாடியில் பாய். கையில் எதுவும் கிடையாது. படுத்துக்கொண்டு பகலில் கத்தியதை முதல் வரியிலிருந்து நினைத்துப் பார்ப்பேன். எங்கே அடுத்த வரி வரவில்லையோ அதுதான் எனக்குத் தெரியாத இடம். விடிந்ததும் அந்த இடத்தை மட்டும் பார்ப்பேன். சி பிளஸ் பிளஸ் புரோகிராமைக்கூட இப்படி இருட்டில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். கணிப்பொறி அறிவியலில் பாதி சி பிளஸ் பிளஸ், பாதி ஸ்டார் ஆபீஸ் என்ற மென்பொருள். அந்த ஸ்டார் ஆபீஸை அப்புறம் எங்கேயும் நான் பார்க்கவில்லை, அது தனிக் கதை.

வேப்பமரத்தடியில் பகுமுறை வடிவகணிதம் போட்டது இன்னும் நன்றாக நினைவிருக்கிறது. ஒரு கோ-கோ வீரர் பயிற்சியில் ஓடும்போது இரண்டு கம்பங்களிலிருந்தும் தனக்குள்ள தூரங்களின் கூடுதல் எப்போதும் 8 மீட்டர் என்று உணர்கிறாராம். கம்பங்களுக்கு இடையே 6 மீட்டர். பாதையின் சமன்பாடு என்ன? நான் கோ-கோ ஆடியிருக்கிறேன். துரத்துகிறவன் முதுகில் அறையப்போகிறான் என்பதைத் தவிர எதையும் எவனும் உணரமாட்டான். ஆனால் அப்படிச் சிரித்ததாலேயே விடையான அந்த நீள்வட்டம் மனதில் உட்கார்ந்துவிட்டது. a நான்கு, c மூன்று, b வர்க்கம் ஏழு. பக்கம் பக்கமாக எழுதிப் பழகிய வேறு கணக்குகள் ஒன்றும் இப்போது ஞாபகமில்லை.

இதைச் சொன்னால், ‘எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது, தறி எங்கே போவது?’ என்பீர்கள். தறி வேண்டாம். உங்கள் வீட்டிலும் சத்தமான நேரம் ஒன்று இருக்கும். தாத்தா சீரியல் பார்ப்பார், தம்பி ஸ்கூல் விட்டு வருவான். அந்த நேரத்தில் கணக்கோடு உட்கார்ந்து சண்டை போடாமல் வாயால் படிக்கிறதை வையுங்கள். ஒருவரும் கூப்பிடாத இரண்டு மணி நேரம் எது என்று இரண்டு நாள் கவனித்துவிட்டு அதைக் கணக்குக்குக் கொடுங்கள். 14 மணி நேரம் வருமா என்றால் வராது. எனக்கு நல்ல நாளில் எட்டு, ஒன்பது வந்தது. 14 மணி நேரம் படித்தேன் என்று சொல்கிறவர்கள் சாப்பிட்டதையும் சேர்த்துச் சொல்கிறார்கள் என்பது என் சந்தேகம்.

இன்னொன்று, எந்தப் பாடத்திலிருந்து எத்தனை கேள்வி வரும் என்கிற ப்ளூபிரிண்டை வைத்துப் பாடத்தை விடுவது. எங்கள் காலத்தில் இயற்பியலில் எட்டுப் பத்து மதிப்பெண் கேள்வி கொடுத்து நான்கு எழுதச் சொல்வார்கள், அதனால் பாதிப் புத்தகத்தைத் திறக்காமலே எழுதலாம் என்று வகுப்பில் ஒரு கணக்கு ஓடும். ஆனால் அன்றைய கணித வினாத்தாளில் 55ஆம் கேள்வியும் 70ஆம் கேள்வியும் கட்டாயம். ஒவ்வொன்றிலும் இது அல்லது அது என்று இரண்டு கொடுப்பார்கள், எல்லாமே நீங்கள் விட்ட பாடமாக இருந்தால் ஆறும் பத்துமாகப் பதினாறு மதிப்பெண் காலி. இப்போது மொத்த மதிப்பெண் 600க்கு மாறிவிட்டது, புத்தகமும் மாறிவிட்டது, உங்கள் ஆசிரியரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தையே நடத்துகிற பள்ளிகள் அப்போது இருந்தன. ஹாஸ்டலில் வைத்து, பிளஸ் ஒன் புத்தகத்தைப் பிரிக்காமலே. அந்தப் பிள்ளைகளோடுதான் நாங்கள் பதினைந்து நாள் லீவை வைத்துக்கொண்டு போட்டி போட்டோம். இதைத் தடுக்கத்தான் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு என்று 2018 மார்ச்சில் முதல்முறை நடத்தினார்கள். இப்போது அதையும் எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளுக்கு மன அழுத்தமாம். இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனாலும் வயிறு எரிகிறது.

வயிறு எரிகிறது என்றதும் கம் புக் நினைவுக்கு வருகிறது. பெற்றோர் ஆசிரியர் கழகம் போடும் கணித வினாத் தொகுப்பை அப்படித்தான் சொல்வோம். அப்போது கணக்கில் ஒரு மதிப்பெண் கேள்வி 40. அதில் கொஞ்சம் அந்தப் புத்தகத்திலிருந்துதான் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். ஸ்டடி லீவின் இரண்டாம் நாள் என் அத்தை மகன் சைக்கிளில் வந்தான். “மச்சான், ரெண்டு நாள்ல தந்துடுறேன்” என்று வாங்கிக்கொண்டு போனான். நான் ஒரு மதிப்பெண் கேள்விகளைக் கடைசிக்கு வைத்திருந்தேன், அது என் தப்புதான். ஆனால் நான்கு முறை அவன் வீட்டுக்குப் போனேன். ஒவ்வொரு முறையும் அத்தை காபி கொடுத்தார், அவன் டியூஷன் போயிருந்தான். அத்தையிடம் புத்தகத்தைக் கேட்க வாய் வரவில்லை. சொந்தத்துக்குள் ஒரு புத்தகத்துக்காகப் பேச்சு வளர்ந்தால் அப்பா என்னைத்தான் திட்டுவார்.

கணக்குத் தேர்வுக்கு முந்தின நாள் மாலை ஏழு மணிக்குக் கொண்டுவந்து கொடுத்தான். ஏழரைக்குக் கரண்ட் போனது. எமர்ஜென்சி லைட்டைப் போட்டுக்கொண்டு பிரித்தால், ஒரு மதிப்பெண் பகுதி முழுக்க விடைகளைப் பேனாவால் சுழித்து வைத்திருக்கிறான். பென்சில்கூட இல்லை. எனக்குத் தெரியுமா தெரியாதா என்று சோதித்துப் பார்க்க ஒரு கேள்வியைக்கூட விட்டுவைக்கவில்லை. மறுநாள் 40இல் ஒன்பது தப்பு. கணக்கில் எனக்கு 176, அவனுக்கு 195. போன வருடம் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்து, “மார்க்கெல்லாம் ஒரு விஷயமா மச்சான்” என்றான். நான் ரசத்துக்குக் கையைக் குவித்துக்கொண்டிருந்தேன், பதில் சொல்லவில்லை.

யாராவது கேட்டால் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுங்கள்.