பத்தாம் தேதி ராத்திரி பில் கட்டோடு வருபவர்கள்

வணக்கம். மாதாமாதம் 10ஆம் தேதி ராத்திரிதான் கடைக்காரர்கள் விற்பனை பில்லைக் கொண்டுவருகிறார்கள், மறுநாள் ஜிஎஸ்டிஆர்-1 (மாத விற்பனைக் கணக்கு) தாக்கல் செய்யக் கடைசி நாள் என்பதால் வீடு போக நடுநிசி ஆகிறது என்று எழுதியிருந்தீர்கள். நானும் ஒரு ஆடிட்டர் ஆபீசில் இதே பாடு பட்டவன்தான்.

“கொஞ்சம் சீக்கிரம் கொடுங்கண்ணே” என்று கெஞ்சுவது வேலைக்கு ஆகாது. நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம் என்று பயமுறுத்தினாலும் அசைய மாட்டார்கள், அவர்களுக்கு அது டீ காசு. வலிக்கிற இடம் வேறு. 11ஆம் தேதி தாண்டிவிட்டால் அந்த பில், வாங்கிய பார்ட்டிக்கு 14ஆம் தேதி வரும் ஜிஎஸ்டிஆர்-2பி-யில் (அவர் எடுக்கக்கூடிய வரிக் கழிவைக் காட்டும் பட்டியல்) ஏறாது. அவருடைய இன்புட் கிரெடிட், அதாவது சரக்கு வாங்கியபோது கொடுத்த வரியைத் தன் வரியில் கழித்துக்கொள்வது, அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகும். அவர் சும்மா இருப்பாரா? கடைக்காரருக்கு வரவேண்டிய பணத்தை நிறுத்தி வைப்பார். இதைச் சொல்லிப் பாருங்கள், ஓடி வருவார்கள்.

அப்புறம், மாதக் கடைசி வரை சேர்க்க விடாதீர்கள். சனிக்கிழமைதோறும் அந்த வாரத்து பில்லை வாட்ஸ்அப்பில் அனுப்பட்டும். 5ஆம் தேதிக்குள் எல்லாம் கொடுத்தவர் வேலை முதலில், மற்றவர் வரிசையில்.

இதை உங்கள் முதலாளியே அவர்களிடம் சொல்ல வேண்டும். நீங்கள் சொன்னால் நேரே அவருக்கு போன் போடுவார்கள், அவரும் “முடிச்சிடலாம் சார்” என்பார். எங்கள் ஆபீசில் முதல் இரண்டு மாதம் அப்படித்தான் கெட்டது.