மூலாவா, பியான்கா பெலேரா? எந்தப் பட்டம் என்பதைப் பொறுத்தது

கேள்வி: கல்லூரி வினாடி வினாவுக்காக, டபிள்யூ.டபிள்யூ.இ. என்ற அமெரிக்க மல்யுத்த நிகழ்ச்சி நிறுவனம் பற்றி, "டபிள்யூ.டபிள்யூ.இ. மகளிர் சாம்பியன் பட்டத்தை ஒரே மூச்சில் அதிக காலம் வைத்திருந்தவர் யார்?" என்று ஒரு கேள்வி எழுதினேன். ஒத்திகையில் ஒரு அணி ஃபேபுலஸ் மூலா என்றது, இன்னொன்று பியான்கா பெலேர் என்றது. எதற்கு மதிப்பெண் தருவது?

பதில்: இப்போதுள்ள கேள்விக்கு இரண்டு அணிக்குமே தர வேண்டியிருக்கும். ஏனென்றால் ஒரே பெயரில் இரண்டு தனித்தனிப் பட்டங்கள் இருந்திருக்கின்றன. பழையது 1956 முதல் 2010 வரை. புதியது 2016இல் பிறந்தது. நிறுவனமே இரண்டையும் வேறு வேறாகத்தான் கணக்கு வைக்கிறது.

பழைய பட்டத்தில்தான் சிக்கல் அதிகம். மூலா 1956இல் பால்டிமோரில் வென்றபோது அது இந்த நிறுவனத்தின் பட்டமே கிடையாது; மல்யுத்த நிறுவனங்களின் கூட்டமைப்பான என்.டபிள்யூ.ஏ.வின் அன்றைய உலகப் பட்டம். 1984இல் அதன் உரிமையை அவர் டபிள்யூ.டபிள்யூ.எஃப்.புக்கு (டபிள்யூ.டபிள்யூ.இ.யின் அன்றைய பெயர்) விற்றார். அவர்களும் 1956இலிருந்தே கணக்கைத் தொடங்கிவிட்டார்கள். 1984 ஜூலை 23 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் வெண்டி ரிக்டரிடம் தோற்கும்வரை 10,170 நாள் என்பது அப்படி வந்ததுதான்.

ஆனால் மூலா இடையில் தோற்றிருக்கிறார். 1966இல் பெட் பவுச்சர், 1968இல் ஜப்பானில் யூகிகோ டொமோயே என்று அவரை வீழ்த்திப் பட்டம் வாங்கியவர்கள் உண்டு. சில வாரங்களே வைத்திருந்தாலும் வென்றது வென்றதுதானே! அதிகாரபூர்வப் பட்டியலில் அவர்கள் பெயர் இல்லாதது எனக்கு இன்றும் உறுத்தல்தான்.

அப்புறம் அந்தப் பட்டம் பட்ட பாடு பெரிது. 1990இல் கிடப்பில் போட்டு, 1993இல் அலுண்ட்ரா பிளேஸை வைத்து மீட்டார்கள். 1995 டிசம்பரில் அவர் போட்டி நிறுவனமான டபிள்யூ.சி.டபிள்யூ.வுக்குப் போய், நேரலையில் பெல்ட்டைக் குப்பைத் தொட்டியில் போட்டார். அடுத்த சாம்பியனாக ஜாக்குலின் வருவதற்கு 1998 ஆகிவிட்டது. 2010இல் நிறுவனத்தின் இன்னொரு மகளிர் பட்டமான டிவாஸ் பட்டத்தோடு இணைத்து முடித்துவிட்டார்கள்.

2016 ஏப்ரலில், நிறுவனத்தின் ஆண்டுப் பெருநிகழ்ச்சியான ரெஸில்மேனியா 32இல், முன்னாள் சாம்பியன் லீட்டா புதிய பெல்ட்டை அறிமுகப்படுத்த, சார்லட் முதல் சாம்பியனானார். சில மாதத்திலேயே அது, நிறுவனத்தின் 'ரா' என்ற வாராந்திர நிகழ்ச்சியின் பெயரில், 'ரா மகளிர் பட்டம்' ஆனது. 2023 ஜூனில் மறுபடி பழைய பெயருக்கே திரும்பியது. இந்தப் புதிய பட்டத்தில் மிக நீண்டதான பெலேரின் 420 நாள் ஆட்சி (2022 ஏப்ரல் – 2023 மே) 'ரா' என்ற பெயர் இருந்தபோது நடந்தது. இப்போது 'மகளிர் உலக சாம்பியன்ஷிப்' எனப்படுவது முன்பு 'ஸ்மாக்டவுன்' என்ற இன்னொரு நிகழ்ச்சியின் பட்டமாக இருந்தது. அதை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

சரி, கேள்வியை இப்படி மாற்றுங்கள்: "1956 முதல் 2010 வரை இருந்த டபிள்யூ.டபிள்யூ.இ. மகளிர் பட்டத்தை, நிறுவனத்தின் அதிகாரபூர்வக் கணக்குப்படி, தொடர்ந்து 10,170 நாள் வைத்திருந்தவர் யார்?"