டிராப் சி சுருதிக்கு எந்தத் தடிமன் தந்தி?

வணக்கம். 25.5 அங்குலத் தந்தி நீளமுள்ள கிட்டாரில் 10–46 தொகுப்பை (மிக மெல்லிய, மிகத் தடித்த தந்திகளின் தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில்) மாட்டி டிராப் சி-க்கு (தடித்த ஆறாவது தந்தியை ஈ-யிலிருந்து சி-க்கும் மற்றவற்றை இரண்டு அரைச்சுரங்களும் இறக்கும் சுருதி) இறக்கியதும் ஆறாவது தந்தி ஃபிரெட்டுகளில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளில்) படபடப்பதாகவும், ஓங்கி மீட்டினால் சுருதி சற்று ஏறிப் பிறகே இறங்குவதாகவும் எழுதியிருந்தீர்கள். இது கிட்டாரின் குறையன்று; இழுவிசை போதவில்லை. இழுவிசை அதிர்வெண்ணின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், ஈ-யிலிருந்து சி-க்கு நான்கு அரைச்சுரங்கள் இறக்கும்போது 46 தந்தியில் முன்பிருந்த இழுவிசையில் ஏறத்தாழ 63 விழுக்காடுதான் எஞ்சுகிறது. அதை மீட்கத் தடிமனை 1.26 மடங்காக்க வேண்டும்; கணக்கு 58-இல் வந்து நிற்கிறது. மற்ற ஐந்தும் இரண்டு அரைச்சுரங்களே இறங்குவதால் அவற்றுக்கு 1.12 மடங்கு போதும்: 36 இருந்த இடத்தில் 40 அல்லது 42, 10 இருந்த இடத்தில் 11. ஆகவே 11–56 தொகுப்பை வாங்கி, அதுவும் தளர்வாகத் தோன்றினால் ஆறாவதை மட்டும் 58 ஆக்கிக்கொள்ளுங்கள். அதற்கும் மேலே போவதை நான் விரும்பமாட்டேன். இந்த நீளத்தில் மிகத் தடித்த தந்தி விறைத்து மந்தமாக ஒலிக்கும்.

மாட்டுவதற்கு முன், கழுத்தின் தலைப்பக்கம் தந்திகளைத் தாங்கும் நட்டின் பள்ளத்தைக் கட்டாயம் பாருங்கள். 46-க்கு வெட்டிய பள்ளத்தில் 58 அடிவரை இறங்காமல் விளிம்பில் தொற்றி நிற்கும். முறுக்காணியைத் திருப்பும்போது ‘டிக்’கென்று துள்ளிச் சுருதி தாவும். உரிய அரத்தால் பக்கவாட்டில் மட்டும் அகலப்படுத்துங்கள், ஆழத்தைத் தொட வேண்டாம். பிறகு கழுத்தின் வளைவைச் சரிபார்த்து, பன்னிரண்டாம் ஃபிரெட்டில் சுருதி ஏறி ஒலித்தால் மறுமுனையில் தந்தி அமரும் சாடிலைப் பின்னுக்கு நகர்த்துங்கள்.