அமெரிக்காவில் ஆர்வி (படுக்கை, சமையலறை உள்ள வண்டி) எடுத்து கேம்பிங் போக எந்த ஆப்கள் உதவும்?

முதலில் ரெக்ரியேஷன்.கவ் ஆப். தேசியப் பூங்காக்கள், தேசியக் காடுகளில் உள்ள பெரும்பாலான முகாம்களுக்கு முன்பதிவு இதில்தான். பல இடங்களில் 6 மாதம் முன்பே பதிவு திறந்துவிடும். கலிபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கு மாதிரி இடங்கள் திறந்த சில நிமிடங்களில் தீர்ந்துபோகும். கிடைக்கவில்லையா? யாராவது ரத்து செய்தால் தகவல் வர அறிவிப்பை வைத்துவிடுங்கள். முகாமின் விவரத்தில் வண்டி நீள வரம்பு இருக்கும், அதைப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

வழிகாட்ட கூகுள் மேப்ஸை மட்டும் நம்பவேண்டாம். உங்கள் வண்டி எத்தனை அடி உயரம் என்று அதற்குத் தெரியாது. வட கரோலினாவின் டர்ஹாமில் 11 அடி 8 அங்குலப் பாலம் ஒன்று எத்தனையோ வண்டிகளின் கூரையைச் சீவியது; 2019ல் அதை 12 அடி 4 அங்குலமாக உயர்த்தினார்கள், அப்புறமும் வண்டிகள் அதில் மோதுகின்றன! ஆர்வி லைஃப் ஆப்பில் உயரம், நீளம், எடை கொடுத்தால் அதற்கேற்ற பாதை காட்டும். கட்டண ஆப்தான், ஆனாலும் பெரிய வண்டிக்கு இது வேண்டும்.

இலவசமாகத் தங்க ஐஓவர்லேண்டர். பயணிகளே குறிப்பு எழுதுவதால் தேதியைப் பார்த்து நம்புங்கள். பெட்ரோல் விலைக்கு கேஸ்பட்டி போதும்.

காட்டில் சிக்னல் கிடைப்பது அரிது. அதனால் தேசியப் பூங்கா சேவையின் ஆப்பில் நீங்கள் போகும் பூங்காவையும், கூகுள் மேப்ஸில் அந்தப் பகுதி வரைபடத்தையும் வைஃபை இருக்கும்போதே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.