புதியவர் பார்க்கும் டாஷ்போர்டில் யாருடைய கணக்கு ஓடுகிறது?

கேள்வி: சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற விற்பனை மென்பொருளில், புதிதாகச் சேரும் விற்பனை ஆட்களுக்கு டாஷ்போர்டு (எண்களை ஒரே திரையில் தொகுத்துக் காட்டும் பக்கம்) அமைக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் செய்யணுமா?

வேண்டாம். நானும் ஆரம்பத்தில் ஆளுக்கொன்று என்று நகலெடுத்துக் கொடுத்தவன்தான். பத்துப் பேருக்கு மேல் போனதும் எது யாருடையது என்று எனக்கே தெரியவில்லை.

முதலில் நீங்கள் பார்க்க வேண்டியது, டாஷ்போர்டின் பிராப்பர்ட்டீஸில் இருக்கும் 'வியூ டாஷ்போர்டு ஆஸ்', அதாவது யாருடைய அனுமதிப்படி எண்களைக் காட்டுவது என்ற தேர்வு. நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் அதில் மேலாளர் பெயரைப் போட்டிருந்தேன். அப்படிப் போட்டால், திறப்பவர் யாராக இருந்தாலும் மேலாளருக்குத் தெரியும் எண்கள்தான் தெரியும். சேர்ந்த முதல் நாளே ஒரு பையன் என்னிடம் வந்து, "அண்ணா, ரீஜன் முழுக்க யார் யார் எவ்வளவு முடிச்சிருக்காங்கன்னு எனக்குத் தெரியுதே, தெரியலாமா?" என்று கேட்டான். நல்ல பையன், கேட்டான். கேட்காதவர்கள் எத்தனை பேரோ!

அதோடு விடவில்லை. சில மாதம் கழித்து மேலாளர் வேலையை விட்டுப் போனார். அவர் கணக்கை முடக்கினோம். டாஷ்போர்டு ரெஃப்ரெஷ் ஆகாமல் அப்படியே நின்றுவிட்டது. எல்லாருக்கும் பொதுவாகக் காட்டும் டாஷ்போர்டில், வேலையை விட்டுப் போய்விடக்கூடிய ஆளின் பெயரைப் போடாதீர்கள்.

புதியவர்களுக்கு 'த டாஷ்போர்டு வியூவர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒரே டாஷ்போர்டு, திறப்பவரின் அனுமதிக்கு ஏற்றபடி காட்டும். ஆனால் இதற்கு அளவு உண்டு: நிறுவனம் வாங்கியிருப்பது எண்டர்பிரைஸ் எடிஷன் என்றால் மொத்த நிறுவனத்துக்கே இப்படிப்பட்ட டாஷ்போர்டு 5, அன்லிமிடெட் எடிஷன் என்றால் 10. அதனால் ஆளுக்கொன்று என்ற பேச்சே கிடையாது, வேலைக்கொன்று என்று பிரியுங்கள். இடம் தீர்ந்தால் 'மை ஆப்பர்ச்சூனிட்டீஸ்' (என் பெயரில் இருக்கும் விற்பனை வாய்ப்புகள்) வடிகட்டியோடு சாதாரண ரிப்போர்ட் கொடுங்கள். ரிப்போர்ட் எப்போதும் திறப்பவரின் கணக்கில்தான் ஓடும்.

டாஷ்போர்டு ஃபோல்டரைப் பார்க்க மட்டும் பகிர்ந்தால் போதும். ரிப்போர்ட் இருக்கும் ஃபோல்டரையும் மறக்காமல் பகிருங்கள். இல்லையென்றால் படத்தைத் தட்டி ரிப்போர்ட்டுக்குள் போக முடியாது.

அப்புறம், பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று. புதியவர் பெயரில் ஒரு வாடிக்கையாளர்கூட இல்லாமல் டாஷ்போர்டைக் கொடுத்தால் எல்லாக் கட்டமும் காலியாகக் கிடக்கும். உடனே 'சிஸ்டம் வேலை செய்யலை' என்று உங்களுக்கு போன் வரும். முன்பு இருந்தவரின் அக்கவுண்ட்களையும் (வாடிக்கையாளர் பதிவுகள்) திறந்திருக்கும் ஆப்பர்ச்சூனிட்டிகளையும் இவர் பெயருக்கு மாற்றிவிட்டு அப்புறம் திறந்து காட்டுங்கள்.

என்ன வைப்பது? இன்று கூப்பிட வேண்டியவர்கள், முடிக்கும் தேதி தாண்டியும் திறந்தே கிடக்கும் ஆப்பர்ச்சூனிட்டிகள், இந்த மாத இலக்கில் எவ்வளவு வந்தது. முதல் மாதத்துக்கு இவ்வளவு தாராளம். கலர் கலராக வட்டப்படம் எல்லாம் மேலிடத்துக்குப் பிடிக்கும், புதியவருக்கு உதவாது.

கொடுப்பதற்கு முன் அவர் கணக்கிலேயே 'லாகின்' செய்து ஒருமுறை பாருங்கள். அட்மினுக்கு அந்த வசதியை செட்டப்பில் திறந்துகொள்ளலாம். உங்கள் கணக்கில் பார்த்துவிட்டு 'எல்லாம் சரியாக இருக்கிறதே' என்று சொன்னால் அதற்கு அர்த்தமில்லை, அட்மினுக்கு எல்லாமே தெரியும். திறந்ததும் ரெஃப்ரெஷ் அழுத்த வேண்டும் என்பதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் நேற்றைய எண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.