நட்சத்திரத்தை நம்பி கேம் இறக்கலாமா?

கேள்வி: ஆறாம் வகுப்புப் படிக்கும் என் மகன் விடுமுறையில் விளையாடுவதற்காக, பிளே ஸ்டோரில் 4.5 நட்சத்திரத்துக்கு மேல் உள்ள கேம்களாகப் பார்த்துத்தான் இறக்கித் தருகிறேன். அப்படியும் சில கேம்களில் விளையாட்டைவிட விளம்பரம்தான் அதிகம் ஓடுகிறது. சில எங்கள் போனில் பாதியிலேயே நின்றுவிடுகின்றன. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் தம்பி, ஒரு கேமுக்கு அங்கே 4.6 காட்டுகிறது என்கிறான். எனக்கு அதே கேம் 4.1 என்று காட்டுகிறது. எதை நம்புவது? நல்ல கேமை எப்படிக் கண்டுபிடிப்பது? (நீடாமங்கலம் அருகிலிருந்து ஒரு வாசகி)

பதில்: உங்கள் தம்பி பார்த்த 4.6, நீங்கள் பார்த்த 4.1 இரண்டுமே சரியானவை. 2021 நவம்பர் முதல் பிளே ஸ்டோர் ஒவ்வொரு நாட்டுப் பயனருக்கும் அந்தந்த நாட்டில் பதிவான மதிப்பீட்டையே காட்டுகிறது. 2022 முதல் போன், டேப்லெட் என்று கருவியின் வகைக்கு ஏற்பவும் அது பிரிந்துவிட்டது. ஆகவே சிங்கப்பூரில் விலை உயர்ந்த போனிலும் வேகமான இணையத்திலும் விளையாடுபவர்களின் திருப்தி அங்கே தெரிகிறது. நம்மைப் போலக் குறைந்த ரேம் உள்ள போனில், நாளொன்றுக்கு இவ்வளவுதான் என்று அளந்து கிடைக்கும் டேட்டாவில் விளையாடும் பலரின் அனுபவமும் சேர்ந்து இங்கே தெரிகிறது. உங்கள் வீட்டு முடிவுக்கு உதவக்கூடியது அந்த 4.1தான். தம்பி சொல்லும் கேமை ஒரு பரிந்துரையாக ஏற்றுக்கொள்ளுங்கள். எண்ணை மட்டும் இங்கேயே பாருங்கள். ஐபோன்களுக்கான ஆப் ஸ்டோரிலும் மதிப்பீடு நாடு வாரியாகத்தான் கணக்கிடப்படுகிறது. அங்கே இன்னொரு வசதியும் உண்டு: புதிய பதிப்பை வெளியிடும்போது நிறுவனம் விரும்பினால் பழைய நட்சத்திரக் கணக்கை அழித்துப் புதிதாகத் தொடங்கலாம். எழுதப்பட்ட விமர்சனங்கள் மட்டும் அழியாமல் நிற்கும்.

இனி அந்த எண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். நூறு பேர் மதிப்பிட்ட இரண்டு கேம்களை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் கேமுக்கு 70 பேர் ஐந்து நட்சத்திரமும், 5 பேர் நான்கும், 5 பேர் மூன்றும், 2 பேர் இரண்டும், 18 பேர் ஒன்றும் கொடுத்திருக்கிறார்கள், சராசரி 4.07. இரண்டாவது கேமுக்கு 40 பேர் ஐந்து, 35 பேர் நான்கு, 18 பேர் மூன்று, 5 பேர் இரண்டு, 2 பேர் ஒன்று, சராசரி 4.06. திரையில் இரண்டுக்கும் 4.1 என்றுதான் வரும். ஆனால் இரண்டாவது கேம் பெரும்பாலோருக்குப் பிடித்த, யாரையும் பெரிதாக ஏமாற்றாத சாதாரணமான கேம். முதலாவதில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் கடுமையாக வெறுத்துப்போய் வெளியேறியிருக்கிறார். அந்தப் பதினெட்டுப் பேருக்கு என்ன நேர்ந்தது என்று தெரியாமல் அந்த கேமை இறக்கக் கூடாது. கேமின் பக்கத்தில் மதிப்பீட்டைத் தொட்டால், ஐந்திலிருந்து ஒன்று வரை கோடுகளாக இந்தப் பங்கீடு தெரியும். எண்ணைப் பார்ப்பதற்கு முன்பே அடியில் உள்ள கோட்டைப் பார்க்கப் பழகுங்கள்: ஒற்றை நட்சத்திரக் கோடு இரண்டு, மூன்று நட்சத்திரக் கோடுகளைவிட நீளமாக இருந்தால், யாரோ சிலரை அந்த கேம் மோசமாகக் கைவிட்டிருக்கிறது. (பிளே ஸ்டோர் 2019 முதல் பழைய மதிப்பீடுகளைவிட அண்மைய மதிப்பீடுகளுக்குக் கூடுதல் மதிப்பளித்துக் கணக்கிடுவதால், கோடுகளும் சராசரியும் துல்லியமாகப் பொருந்தாமல் இருக்கலாம். அது கோளாறில்லை.)

எத்தனை பேர் மதிப்பிட்டார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். இருபது பேர் மட்டும் மதிப்பிட்டுச் சராசரி 4.9 உள்ள ஒரு கேமுக்கு, அதிருப்தி கொண்ட ஐந்தே பேர் ஒற்றை நட்சத்திரம் போட்டால் அது 4.1க்கு இறங்கிவிடும். ஒரு லட்சம் பேர் மதிப்பிட்ட கேமில் அந்த ஐந்து பேரால் எதுவும் நகராது. ஆகவே சில நூறு மதிப்பீடுகள்கூட இல்லாத கேமின் 4.9ஐவிட, லட்சக்கணக்கானோர் மதிப்பிட்ட கேமின் 4.3 உறுதியானது.

மதிப்பீடு யாரிடமிருந்து, எந்த நேரத்தில் பெறப்படுகிறது என்பது பலரும் கவனிக்காத விஷயம். உங்கள் மகன் ஒரு கடினமான நிலையை வென்று மகிழ்ந்திருக்கும் கணத்தில்தான் பெரும்பாலும் ‘மதிப்பிடுங்கள்’ என்ற பெட்டி திரையில் எழும்; தோற்றுப்போய் எரிச்சலில் இருக்கும்போது எழுவது அரிது. முதல் நாளிலேயே சலித்து நீக்கியவர்கள் பெரும்பாலும் எதுவும் எழுதுவதில்லை. அதனால் தொடக்கத்திலிருந்தே கணக்கு கேமின் பக்கம் சாய்ந்திருக்கிறது. கேமுக்குள்ளேயே மதிப்பீடு கேட்கும் வசதியைக் கூகுள் 2020இல் கொண்டுவந்தபோது, ‘இந்த கேம் பிடித்திருக்கிறதா?’ என்று முன்கூட்டிக் கேட்டு ஆள் பிரிக்கக் கூடாது என்று நிபந்தனையும் விதித்தது. பரிசு காட்டி நட்சத்திரம் வாங்குவதையும் அதன் விதிகள் தடை செய்கின்றன. எனவே ‘ஐந்து நட்சத்திரம் கொடுத்தால் 500 நாணயம்’ என்று ஒரு கேம் கேட்டால், அது விதியை மீறுகிறது என்பதோடு, அதன் மதிப்பீடு முழுவதும் அப்படி வாங்கப்பட்டதாக இருக்கக்கூடும் என்பதும் புரிந்துவிடும்.

கேமுக்கோ செயலிக்கோ தொடர்பில்லாத கோபமும் நட்சத்திரமாக மாறுவதுண்டு. 2017 ஏப்ரலில் ஸ்னாப்சாட் மீது கோபம் கொண்ட பலர், பெயர் ஒத்திருந்த ஸ்னாப்டீல் என்ற இணையக் கடையின் செயலிக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டார்கள். 2020 மே மாதம் யூடியூப் ரசிகர்களுக்கும் டிக்டாக் ரசிகர்களுக்கும் மூண்ட சச்சரவில், டிக்டாக்கின் மதிப்பீடு சில நாட்களில் 1.5க்கும் கீழே போனது. பிறகு கூகுள் லட்சக்கணக்கான விமர்சனங்களை நீக்கியது. ஒரு கேமின் மதிப்பீடு திடீரென்று சரிந்திருந்தால், தேதியைப் பார்த்து, என்ன காரணம் சொல்கிறார்கள் என்று படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். எதிர்த்திசையிலும் இது நடக்கும்: ‘நைஸ் கேம்’, ‘சூப்பர்’, ‘வெரி குட்’ என்று ஒரே மாதிரியான சொற்கள் அடுத்தடுத்த நாட்களில் கொத்தாக வந்திருந்தால், அவற்றை எண்ணிக்கையில் சேர்க்காமல் கடந்துபோங்கள்.

அப்படியானால் எதைப் படிப்பது? என் அனுபவத்தில் மிகவும் பயன்படுபவை மூன்று நட்சத்திர விமர்சனங்கள். நெல் வாங்குபவர் மூட்டையின் வாயில் கிடக்கும் நெல்லைப் பார்த்து விலை பேசாமல், குத்தூசியை நடு மூட்டையில் செலுத்தி எடுத்துப் பார்ப்பது போன்றது இது. ஐந்து நட்சத்திரக்காரர் புகழ்வார், ஒற்றை நட்சத்திரக்காரர் திட்டுவார். மூன்று கொடுத்தவருக்குத்தான் கேம் பிடித்தும் இருக்கும், எங்கே இடறுகிறது என்றும் தெரிந்திருக்கும். விமர்சனப் பகுதியில் மூன்று நட்சத்திரத்தை மட்டும் தேர்ந்தெடுத்து, வரிசையைப் ‘புதியவை முதலில்’ என்று மாற்றிக்கொண்டு, கடந்த சில மாதங்களில் வந்தவற்றை ஒரு பத்து நிமிடம் படியுங்கள். பழைய விமர்சனங்கள் இன்றில்லாத ஒரு கேமைப் பற்றிப் பேசுகின்றன. ஒரே அப்டேட்டில் விளம்பரம் இரட்டிப்பாவதும் உண்டு, பழைய குறை தீர்ந்துவிடுவதும் உண்டு.

படிக்கும்போது புகாரின் வகையைப் பிரித்துப் பாருங்கள். ‘ஒவ்வொரு லெவல் முடிந்ததும் முப்பது விநாடி விளம்பரம்’ என்று பலர் எழுதினால், அது உங்கள் வீட்டிலும் நிச்சயம் நடக்கும். ‘முப்பதாவது லெவலுக்கு மேல் காசு கொடுக்காமல் நகர முடியவில்லை’ என்பது அதைவிட முக்கியமான தகவல். தொடக்க நிலைகளை மட்டும் ஆடிவிட்டு ஐந்து நட்சத்திரம் கொடுத்தவருக்கு அந்தச் சுவர் இருப்பதே தெரியாது. ‘மிகவும் கடினமாக இருக்கிறது’ என்ற புகார் உங்கள் மகனுக்குப் பொருந்தாமலும் போகலாம். புதிர் விரும்பும் பிள்ளைக்கு அதுவே சிபாரிசு. ‘லாக் அடிக்கிறது, ஹேங் ஆகிறது’ என்பவர் தம் போனின் பெயரையும் எழுதியிருந்தால், அது உங்கள் போனுக்கு நிகரானதா என்று பாருங்கள். நிறுவனம் பதில் எழுதியிருந்தால் அதையும் படியுங்கள்: எல்லோருக்கும் ஒரே நன்றி வாக்கியத்தை ஒட்டுகிறதா, குறிப்பிட்ட குறையைப் பற்றிப் பேசுகிறதா என்பதில் அந்த நிறுவனத்தின் அக்கறை தெரிந்துவிடும்.

பாதியில் நின்றுவிடும் கேம்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். குறிப்பிட்ட ஒரு போன் மாடலில் நாள்தோறும் பயன்படுத்துபவர்களில் 8 சதவீதத்துக்கு மேற்பட்டோருக்கு ஒரு செயலி பாதியில் நின்றுபோனால், அந்த மாடல் வைத்திருப்பவர்களுக்கு அதன் பக்கத்திலேயே எச்சரிக்கை காட்டலாம் என்று 2022 முதல் கூகுள் விதி வைத்திருக்கிறது. அப்படி ஒரு குறிப்பு தென்பட்டால் மேற்கொண்டு ஆராய வேண்டாம், விட்டுவிடுங்கள். குறிப்பு இல்லாவிட்டாலும் கேமின் அளவையும் போனில் மிச்சமிருக்கும் இடத்தையும் ஒப்பிடுங்கள். இறக்கிய பிறகு முதல் முறை திறக்கும்போது இன்னும் பல நூறு எம்.பி. கோப்புகளைக் கேட்கும் கேம்கள் நிறைய உண்டு. விமர்சனங்களில் அதுவும் பதிவாகியிருக்கும்.

இணையம் இல்லாமல் ஓடுகிறதா என்பதை நீங்களே சோதிக்கலாம். கேமை ஒரு முறை திறந்து மூடிய பிறகு, போனை ஏரோபிளேன் மோடில் வைத்துவிட்டு மீண்டும் திறந்து பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மின்சாரம் போய், செல்போன் கோபுரமும் தடுமாறும் நம் பகுதிக்கு இந்தச் சோதனை அவசியம். விளம்பரமே வேண்டாம் என்றால் அப்படியும் நல்லவை இருக்கின்றன: மகனுக்குச் சதுரங்கம் பிடிக்கும் என்றால் லிசெஸ் என்ற செயலி முற்றிலும் இலவசம், விளம்பரம் கிடையாது, உள்ளே காசு கேட்பதும் கிடையாது.

நம் ஊர்ப் பையன்களிடம் பஸ் ஓட்டும் கேம்களுக்குத் தனி மோகம் இருக்கிறது. 2017இல் வெளிவந்த பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா போன்றவற்றில் வண்டியின் நிறத்தையும் படத்தையும் மாற்றிக்கொள்ள முடிவதால், கும்பகோணம், தஞ்சாவூர்த் தடத்தில் ஓடும் பேருந்துகளின் தோற்றத்தை அதில் ஏற்றி மகிழ்கிறார்கள். நல்ல பொழுதுபோக்குதான். ஆனால் அந்தப் படங்களையும் வண்டிகளையும் தேடி வாட்ஸ்ஆப் குழு, டெலிகிராம் என்று போகும்போது பிளே ஸ்டோரின் மதிப்பீடும் பாதுகாப்பும் பின்தங்கிவிடுகின்றன. படக் கோப்பு வரை அனுமதிக்கலாம். ‘ஏபிகே’ என்று முடியும், செயலியை நேரடியாகப் போனில் நிறுவும் கோப்பை எவர் அனுப்பினாலும் போனில் ஏற்ற விடாதீர்கள். பணம் கட்டி ஆடி பணம் ஜெயிக்கும் கேம்களும் பெரும்பாலும் இப்படி இணைப்பாகத்தான் வருகின்றன. அவற்றை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் தடை செய்கிறது. அவற்றின் பக்கத்தில் காணும் நட்சத்திரங்கள் அவற்றை நடத்துபவர்களே வரைந்துகொண்டவையாக இருக்கலாம். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 எண்ணுக்கு அழையுங்கள்.

கேமின் பக்கத்தில் 3+, 7+, 12+ என்று இருப்பது வயது வரம்பு மட்டுமே. அதற்கும் தரத்துக்கும் தொடர்பில்லை. 3+ போட்ட கேமிலும் காசு கேட்கும் பொத்தான்கள் இருக்கலாம். எனவே இறக்கும் முன், பிளே ஸ்டோர் அமைப்பில் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கடவுச்சொல் அல்லது கைரேகை கேட்கும்படி வைத்துவிடுங்கள்.

ஒரு வாரம் ஆடிப் பார்த்த பிறகு நீங்களும் ஒரு விமர்சனம் எழுதுங்கள். போனின் பெயர், ரேம் அளவு, எத்தனையாவது நிலையில் என்ன நடந்தது, எவ்வளவு நேரத்துக்கு ஒரு முறை விளம்பரம் வந்தது, இணையம் இல்லாமல் ஓடியதா என்ற ஐந்து தகவல்களைத் தமிழிலேயே எழுதினால் போதும். மன்னார்குடியிலோ திருத்துறைப்பூண்டியிலோ இதே போனை வைத்துக்கொண்டு தேடும் இன்னொரு தாய்க்கு, 4.1 என்ற எண்ணைவிட அந்த நான்கு வரி அதிகம் சொல்லும்.